ஸ்டோர் ஆபீஸ் போன்

என் சித்தப்பா அப்புத்தளை டவுனில் கைப்பேசி திருத்தும் கடையொன்றில் வேலை பார்த்தார். கிழமை நாட்களில் மற்றவர்களின் புதுப் போன்களைத் திருத்துவார். ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் வேண்டாத பழைய போன்களைத் தேடிப் போவார். துளையில் விரலை விட்டுச் சுழற்றுகிற ரகம். பூட்டிக் கிடக்கும் பங்களாவோ, வெலிமடையில் உருளைக்கிழங்கு வியாபாரியின் பின்கட்டோ, எங்கே ஒன்று தூசியில் கிடக்கிறது என்று காதில் விழுந்தாலும் பஸ் ஏறிவிடுவார். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் எங்களுக்கு இருந்தவை இரண்டே காம்பராக்கள், அதாவது இரண்டே அறைகள். அதில் ஒன்றின் பாதியை இந்தப் போன்கள் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மா மாவு டின்னை எடுக்க வேண்டுமென்றால் முதலில் பச்சைப் போனை நகர்த்த வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு வயது. வீட்டில் எல்லோரும் அவற்றைக் குப்பை என்றார்கள். எனக்கோ அவற்றின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. பேசுகிற பக்கத்து மூடியைத் திருகினால் உள்ளே ஒரு சின்ன வட்டப் பெட்டி இருந்தது. காதருகே ஆட்டினால் மணல் போலச் சரசரத்தது. கரித்தூளாம், நாம் பேசும்போது அது நடுங்குமாம். சக்கரத்தைச் சுழற்றும்போது எண் போகாது, அது தானாகத் திரும்பி வரும்போதுதான் போகும் என்று சித்தப்பா சொன்னார். அன்று முழுக்க ஒன்பதையும் சைபரையும் சுழற்றிவிட்டு, அவை ஆடி அசைந்து திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், பழைய சாமான்களை வெளியே போட்டபோது ஆபீஸ் மேசையிலிருந்த கறுப்புப் போனும் வந்தது. சித்தப்பா அதைத் துணியில் சுற்றி, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார். பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இத ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டாந்த?"

"சும்மாதான்க்கா. நல்ல சாமான்."

அத்தை அப்படியே திரும்பிப் போனாள். அன்று முதல் எங்கள் காம்பராவுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் வெளியிலிருந்தே அம்மாவைக் கூப்பிடுவாள்.

ஏன் என்று அம்மாவை அரித்தெடுத்தேன். கடைசியில் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்.

"ஒங்க மாமா செத்த சேதி அந்தப் போன்லதான் வந்துச்சு."

அத்தையின் புருஷனை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். நெஞ்சுவலி என்று தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிருக்கிறார்கள். லொறியில் இடமில்லை, நாளைக்கு வரலாம் என்று அத்தையை இறக்கிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அவள் ஸ்டோர் ஆபீசுக்கு வெளியே போய் நின்றாள். மழை. உள்ளே மணி அடித்தது. கிளாக்கர் ஐயா எடுத்துக் கேட்டார், வைத்தார், ஜன்னல் வழியாகச் சொன்னார்.

"அத்தை ஏன் பேசல?"

"நம்ம ஆளுங்க அதத் தொட முடியுமா அப்ப?"

எனக்கு இது விளங்கவில்லை. போன் என்ன செய்யும்? அது கேட்டதைத்தானே சொன்னது. யாரும் இல்லாத நேரம் பார்த்து, கறுப்புப் போனை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தேன், அந்தச் சேதியில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று. கரித்தூள்தான் சரசரத்தது.

அந்த வருடமே பதுளையில் ஒரு மண்டபத்தில் தோட்டத்துப் பழைய பொருட்களுக்கென்று கண்காட்சி வைத்தார்கள். கொழுந்துக் கூடை, பித்தளைத் தராசு, தப்பு மேளம் எல்லாம் சேர்த்தார்கள். ஏற்பாடு செய்த டீச்சர் சித்தப்பாவின் கடைக்கே தேடி வந்து போன்களைக் கேட்டார். சித்தப்பாவுக்குத் தூக்கமே போய்விட்டது. உரச் சாக்குகளில் வைக்கோல் வைத்துக் கட்டினார். வரமாட்டேன் என்று முந்தின நாள் வரை சொல்லிக்கொண்டிருந்த அத்தை, காலையில் நல்ல சேலை கட்டிக்கொண்டு அப்புத்தளை ஸ்டேஷனில் எங்களுக்கு முன்பே நின்றாள். ரயிலில், சாப்பிடாமல் வந்ததற்காகச் சித்தப்பாவைத் திட்டினாள், அதோடு சரி.

மண்டபத்தில் போன்களுக்கு முன்னால் 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். சித்தப்பா அதை எடுத்து மேசைக்கு அடியில் போட்டார்.

"ஒடைஞ்சு போனா என்ன செய்றது?" என்றார் டீச்சர்.

"ஒட்டிக்குவேன் டீச்சர். தொடக்கூடாதுன்னா, நான் இப்பவே கட்டிக்கிட்டுக் கெளம்பிர்றேன்."

அவர் அப்படிக் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. டீச்சர் சரி என்றார்.

சித்தப்பா கறுப்புப் போனை வாசல் பக்கமும் ஒரு சிவப்புப் போனை மண்டபத்தின் மறுகோடியில் பலகைத் தட்டிக்குப் பின்னாலும் வைத்து, பேட்டரி கொடுத்து, கம்பி இழுத்து இணைத்தார். மணி அடிக்காது, ஆனால் பேச்சுக் கேட்கும். சிவப்புப் போன் என் பொறுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து 'ஹலோ, யாரு?' என்று கத்தினார்கள். நான் தோட்டத்துத் துரை என்றேன், மந்திரி என்றேன், யானை என்றும் சொன்னேன்.

பிறகு ஒரு முறை யாரும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ஹலோ," என்றேன்.

"பதுளைங்களா?"

அத்தையின் குரல். எனக்குச் சிரிப்பு வந்தது. பதுளையில் நின்றுகொண்டு பதுளையா என்று கேட்கிறாளே!

"ஆமாங்க, பதுளைதான்."

"அவரு எப்படிங்க இருக்காரு?"

சித்தப்பாவைத்தான் கேட்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். தட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்காருங்க."

"ஏதாச்சும் சாப்பிட்டாரா?"

"இப்பதான் பன்னு சாப்பிட்டு டீ குடிச்சாருங்க."

வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"தனியாவா கெடக்காரு?"

"இல்லங்க. சுத்தி நெறைய பேரு இருக்காங்க. சிரிச்சுக்கிட்டு இருக்காரு."

மறுபடியும் மூச்சுச் சத்தம். பிறகு, "அப்ப சரிங்க ஐயா. வச்சிர்றேங்க," என்றாள்.

ஓடிப்போய்ச் சித்தப்பாவிடம் சொன்னேன்: "அத்தை போன்ல ஒங்களப் பத்தியே கேட்டுச்சு. சாப்பிட்டாரா, தனியா இருக்காரான்னு."

சித்தப்பாவின் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வாசல் பக்கம் போனார். நான் தட்டியோரமாக எட்டிப் பார்த்தேன். அத்தை கறுப்புப் போன் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி நின்றாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. சித்தப்பா அவளை நகரச் சொல்லவில்லை. பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

திரும்பும்போது ரயிலில் அத்தை கடலை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தாள். தெமோதரை ஸ்டேஷன் தாண்டியதும் சித்தப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் அம்மாவின் காதில் சொன்னேன்:

"அத்தைக்கு வெளையாடவே தெரியல. என்னப் போய் ஐயாங்குது."

என்ன பேசினாள், நான் என்ன சொன்னேன் என்று அம்மா கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். அம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். எனக்குக் குளிருமென்று நினைக்கிறாள், தூங்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, தூக்கம் வராமலேயே கண்ணை மூடிக்கொண்டேன்.