அரிசி மூட்டையோடு ஆற்றில் இறங்கியவர்

வஸ்தியாம்பிள்ளை யேசுரட்ணம் (பிறந்தது 1951, பேசாலை, கனடாவுக்கு வந்தது 1988) தண்ணீரில் கால் வைக்குமுன் சட்டைப்பையைத் தட்டி, மீன்பிடி அனுமதி அட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். மார்பு வரை வரும் இறப்பர் காற்சட்டைக்கு மேலே இடுப்பில் ஒரு பட்டியை இறுக்கிக் கட்டுவார். தவறி விழுந்தால் உள்ளே தண்ணீர் ஏறாமல் இருப்பதற்கு. பிறகு, தன் தோள் உயரத்துக்கு வெட்டிச் சீவிய மேப்பிள் கம்பினால் எதிரே தண்ணீரின் அடித்தரையைக் குத்திப் பார்ப்பார். கம்பு உறுதி சொன்ன பிறகே கால் நகரும். அந்தக் காலையும் தூக்கமாட்டார். சேற்றோடு தேய்த்து முன்னே தள்ளுவார்.

ரூஜ் ஆறு ஒன்ராறியோ வாவியில் விழும் இடத்தில், லோறன்ஸ் வீதி முடிகிற வாகனத் தரிப்பிடத்தில், அவரை அறியாத தூண்டில்காரர் எங்களில் ஒருவரும் இல்லை. புதிதாக எவராவது காரிலிருந்து இறங்கினால் அழைக்காமலே பக்கத்தில் போய் நிற்பார். "தம்பி, காட் இருக்கோ? இல்லாட்டித் தூண்டிலைத் திரும்ப டிக்கிக்குள்ள வையும். இது பொதுக் காணி. பொதுக் காணியெண்டால் ஒருத்தற்றையும் இல்லையெண்டு அர்த்தமில்லை, எல்லாற்றையும்." அடுத்ததாக அறிவிப்புப் பலகையைக் காட்டுவார். "எந்த மாசம் எந்த மீன், எத்தினை, எவ்வளவு நீளம், எல்லாம் உதிலை கிடக்கு. தெரியாதெண்டு சொன்னால் ஒவ்விசர் சிரிச்சுக்கொண்டே தண்டம் எழுதுவான். உந்த வேலிக்கு அங்காலை தனியார் வளவு. மீன் அங்காலை ஓடினாலும் நீர் ஓடாதையும்." அறுந்த நூலைக் கரையில் விட்டுப் போகக்கூடாது, வாத்தின் காலைச் சுற்றும். முன்னதாக வந்தவரின் தோளோடு தோள் உரச நின்று வீசக்கூடாது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லாமல் தண்ணீருக்கோ காட்டுக்கோ போகக்கூடாது.

காடு என்பது ஜவாஹிருக்காகச் சேர்க்கப்படும் சொல். ஜவாஹிர் பேசாலை இருக்கும் அதே தீவின் எருக்கலம்பிட்டிக்காரர், யேசுரட்ணத்தைவிட நான்கு வயது இளையவர், நவம்பர் மாதத்தில் செம்மஞ்சள் மேலங்கி அணிந்து, ஒஷாவாவுக்கு வடக்கே பொதுக் காட்டிலும் அதற்கும் அப்பால் முடிக்குரிய அரச காணிகளிலும் மான் வேட்டைக்குப் போகிறவர். மற்ற மாதங்களில் யேசுரட்ணத்தின் பக்கத்தில் தூண்டிலோடு நிற்பார்.

"அண்ணன், மான் இந்தப் பலகையெல்லாம் வாசிக்காது."

"மான் வாசிக்கத் தேவையில்லை. துவக்கு வைச்சிருக்கிறவன் வாசிக்கவேணும்."

யேசுரட்ணம் பிடித்த மீனைத் தான் உண்பதில்லை. "உப்பில்லாத தண்ணியிலை வளந்ததிலை என்ன ருசி" என்று சொல்லி, அங்கேயே துப்புரவாக்கி, கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஒஷாவாவில் அவர் வேலை பார்த்த வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை 2009 பெப்ரவரியில் ஆட்களைக் குறைத்தபோது அவருக்கும் வேலை போயிற்று. அதன்பின் நாள்தோறும் ஆற்றுக்கு வந்தார்.

மார்ச் மாதக் கடைசியில், ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து போன கையோடு, அவர் தூண்டில் இல்லாமல் வந்தார். தோளில் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டை ஒன்று இருந்தது. ஈரம் படாதபடி கறுப்புக் குப்பைப்பைகளால் சுற்றப்பட்டிருந்தது. அதை ஒரு பக்க இடுப்பில் அணைத்துக்கொண்டு ஆற்றோரச் சதுப்பில் இறங்கினார். எதிரே நாணற்புதர் வரை போனார். மூட்டையை இறக்காமல் வேறொரு வழியாகத் திரும்பி வந்தார். உதடு நீலம் பாரிக்கும் வரை இதைச் செய்துவிட்டுக் காருக்குள் ஏறிச் சூட்டில் இருந்தார். மறுநாளும் வந்தார்.

சில நாட்களில் இயற்கைவளத் திணைக்களத்துப் பெண் அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். யேசுரட்ணம் ஈரக் கையால் அனுமதி அட்டையை எடுத்து நீட்டினார். இது மீன் பிடிப்பதற்கு, அரிசி சுமப்பதற்கு அல்ல என்றார் அதிகாரி. ஜவாஹிர்தான் முன்னால் போய் ஆங்கிலத்தில் விளக்கினார். அதிகாரி அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, அந்தக் குளிர்நீரில் இறங்குவதானால் மிதவை அங்கி ஒன்றாவது அணியச் சொன்னார். யேசுரட்ணத்துக்கு அது மொழிபெயர்க்கப்பட்டபோது தலையை ஆட்டி மறுத்தார்.

"அவளிட்டை உது இல்லை."

அவள் என்பது அவருடைய கடைசித் தங்கை மக்டலீன். முல்லைத்தீவில் மணம் முடித்தவர். அந்த ஆண்டு மாசியில் விழுந்த ஷெல்லில் கணவரை இழந்து, பன்னிரண்டு வயது றொய்சனோடும் ஐந்து வயது ஏஞ்சலாவோடும் மாத்தளன் கரையில் தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்தார். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் நந்திக்கடல் என்னும் ஆழம் குறைந்த உப்புநீர்க் களப்பு. களப்பைக் கடந்தால் போரிலிருந்து வெளியேறலாம். கடக்கும்போது எந்தத் திசையிலிருந்து சுடுவார்கள் என்று எவருக்கும் தெரியாது. யேசுரட்ணம் இளவயதில் முல்லைத்தீவில் வாடி என்னும் மீனவர் குடிசை அடித்துத் தங்கி, அந்தக் களப்பில் இறால் பிடித்தவர். அதன் சேறு ரூஜ் சதுப்பின் சேற்றைப் போன்றது என்று அவருடைய கால்கள் சொல்லின. நாற்பது இறாத்தல் என்பது ஐந்து வயதுப் பிள்ளையின் பாரம்.

மக்டலீனிடம் தொலைபேசி இல்லை. எவரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியில் முறை வரும்போது சில நிமிடங்கள் பேசலாம். முதல் அழைப்பில் யேசுரட்ணம், தான் அதுவரை எல்லாருக்கும் சொல்லிவந்ததையே சொன்னார்: "நாரையும் கொக்கும் நிக்கிற பக்கத்தாலை போ, பிள்ளை. அது நிக்கிற இடத்திலை அடி இருக்கும்."

"இஞ்சை ஒரு குருவியும் இல்லை, அண்ணை" என்றார் மக்டலீன். இணைப்பு அறுந்தது.

அதன் பிறகு யேசுரட்ணம் பறவைகளைப் பார்க்காமல் நடந்து பழகினார். பிள்ளையை இடுப்பில் வைத்தால் ஒரு பக்கம் சாயும் என்று கண்டார். ஜவாஹிர் கரையிலிருந்து தன் கழுத்துச் சால்வையை எறிந்தார். "பிடரியில இருத்தி, ரெண்டு காலையும் நெஞ்சோட சேத்துக் கட்டுங்க. தொண்ணூறில எங்கட மகள் ஃபஸ்னாவ நான் அப்பிடித்தான் கொண்டுவந்த." வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட அந்த ஆண்டைப் பற்றி அவர்கள் அதற்கு முன்னும் பின்னும் பேசியதில்லை. யேசுரட்ணம் சால்வையை எடுத்து மூட்டையைக் கட்டிக்கொண்டார்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு காலை, அவர் மூட்டையோடு நடுச் சதுப்பில் நின்றபோது காருக்குள் தொலைபேசி மணி அடித்தது. "அண்ணன், ஃபோன்!" என்று ஜவாஹிர் பின்னாலிருந்து கூவினார். யேசுரட்ணம் சட்டென்று திரும்பினார். பனி உருகிய வெள்ளம். ஒரு கால் புதைந்திருக்க மறு கால் வழுக்கியது. மூட்டையோடு கழுத்துவரை போனார். ஜவாஹிர் உடையோடு இறங்கிக் கம்பை நீட்டி இழுத்தெடுத்தார். கரையேறும்போது மணி நின்றிருந்தது. யேசுரட்ணம் மூட்டையைக் கரையில் இறக்கினார். "திரும்பினதுதான் பிழை" என்றார். "பாரத்தோடை போறவன் திரும்பக்கூடாது."

உயிர்த்த ஞாயிறு கழிந்த வாரத்தில் அழைப்பு மறுபடி வந்தது. அன்று அவர் எதையும் யோசித்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"பிள்ளை, கவனமாய்க் கேள். ஒரு சாமானும் தூக்காதை, சின்னவளை மட்டும் தூக்கு. பிடரியிலை இருத்திக் கட்டு. பழைய இறால் பிடிக்கிற கட்டுக் கம்பு வரிசையாய் நிக்கும், அதுக்கு இடப்பக்கத்தாலை போ. காலைத் தூக்காதை, தேச்சு நட. நிக்காதை, நிண்டால் தாழும். பெடியன் உன்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு பின்னாலை வரட்டும். ஆர் கூப்பிட்டாலும் திரும்பாதை."

"ஓம், அண்ணை."

"என்ன சொன்னனான்?"

"ஆர் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது."

ஏப்ரல் இருபதாம் திகதி, பெருந்தொகையான மக்கள் களப்பைக் கடந்து வந்ததாக வானொலி சொன்னது. பெயர்கள் சொல்லப்படவில்லை. அவருடைய மனைவி செலீன் நாள்தோறும் ரயிலேறி நகர நடுவுக்குப் போய், வீதியோரத்தில் போரை நிறுத்தக் கோரிப் பதாகையோடு நின்றவர்களில் ஒருவராக நின்றார். யேசுரட்ணம் ஆற்றுக்கே வந்தார். தேவாலய வாசலில் இராஜரட்ணம் என்பவர் பலர் கேட்கச் சொன்னார்: "சனமெல்லாம் றோட்டிலை நிக்குது, இவருக்கு ஆத்திலை விளையாட்டு." யேசுரட்ணம் நிற்காமலே பதில் சொன்னார்: "நீர் கத்தும். நான் நடக்கிறன்."

சனிக்கிழமைகளில் அவர் மூட்டையை அவிழ்த்து குவளை அளவான ஒரு சுண்டு அரிசியை வெளியே எடுத்துவிட்டு மறுபடி கட்டினார். ஏன் என்று ஜவாஹிர் கேட்டதற்கு, "சாப்பாடில்லாத பிள்ளை அவ்வளவு பாரம் இருக்காது" என்றார். எடுத்த அரிசியைச் செலீன் சமைக்கவில்லை. ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடி வைத்தார். மே மாதத்தில் போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது போத்தல் பாதி நிறைந்திருந்தது. அதற்குப் பின்னரும் ஜூன் முழுவதும் அவர் மூட்டையைச் சுமந்தார். எவருக்காகச் சுமந்தாரோ அவர்கள் ஏப்ரலிலேயே தண்ணீரில் இறங்கிவிட்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

ஜூலையில், களப்பைக் கடந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து அழைப்பு வந்தது. யேசுரட்ணம் அப்போது தரிப்பிடத்தில், யாருக்கோ மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கையெல்லாம் செதிலாக இருந்தபடியால் தொலைபேசியை ஜவாஹிர் அவருடைய காதருகே பிடித்தார். மக்டலீனின் குரல் ஜவாஹிருக்கும் கேட்டது.

"அண்ணை, நாங்கள் வந்திட்டம். நானும் ஏஞ்சலாவும்."

"றொய்சன்?"

"நடுவிலை வெடி விழுந்தது. பிள்ளை சட்டையை விட்டிட்டான். 'அம்மா, நில்லுங்கோ' எண்டு பின்னாலை நிண்டு கூப்பிட்டவன், அண்ணை. ரெண்டு தரம் கேட்டது." இணைப்பு இரைந்தது. "நீங்கள் சொன்னமாதிரி நான் திரும்பேல்லை."

அது குற்றஞ்சாட்டும் குரல் அல்ல என்று ஜவாஹிர் பிறகு சொன்னார். சொல்லிவிட்ட வேலையைச் செய்து முடித்தவர், செய்துவிட்டேன் என்று அறிவிக்கும் குரல். யேசுரட்ணம் கத்தியைக் கீழே வைத்தார். "பின்னாலை வந்த சனம் ஆரும் கண்டவையோ?" என்று கேட்டார். ஒருவரும் காணவில்லை. முகாமில் அவன் பெயரை எழுதிக் கொடுத்திருப்பதாகவும், இதுவரை பதில் இல்லை என்றும் மக்டலீன் சொன்னார்.

அன்றோடு அவர் புத்தி சொல்வதை நிறுத்திவிட்டார். புதியவர்கள் காரிலிருந்து இறங்கிவந்து, எங்கே இறங்கலாம், எது ஆழம் என்று கேட்டால் அறிவிப்புப் பலகையைக் கையால் காட்டுவார். அந்தப் பலகையில் ஆழம் எழுதப்பட்டிருக்கவில்லை. பின்னாலிருந்து எவர் கூப்பிட்டாலும், கூப்பிடப்பட்டது வேறொருவராக இருந்தாலும், முழு உடம்போடும் திரும்புவார். மளிகைக்கடையில் ஏதோ ஒரு பிள்ளை தாயைக் கூப்பிட, கையில் எடுத்த தேங்காய் கீழே விழும்படி திரும்பியதை நான் கண்டிருக்கிறேன். ஜவாஹிர் இப்போது அவரைப் பின்னாலிருந்து அழைப்பதில்லை. சுற்றி நடந்து முன்னால் வந்து நின்ற பிறகே பேசுகிறார்.

செப்டெம்பரில் சமன் மீன்கள் முட்டையிடுவதற்கு வாவியிலிருந்து ஆற்றுக்குள் ஏறத் தொடங்கின. இரு கரையிலும் ஆட்கள் நிறைந்திருந்த ஒரு காலையில் யேசுரட்ணம் மறுபடி மூட்டையோடு வந்தார். போத்தலில் இருந்த அரிசி முழுவதையும் திரும்ப அதற்குள் போட்டிருந்தார்.

"நீ பின்னாலை வா" என்றார் ஜவாஹிரிடம். "என்ரை பட்டியைப் பிடிச்சுக்கொண்டு வா. நடுவிலை விட்டிட்டுக் கூப்பிடு."

"வேணாம், அண்ணன்."

"நான் தனிய நடந்துதான் பழகினனான். பின்னாலை ஆளை வைச்சு ஒருக்காலும் பாக்கேல்லை."

"சித்திரைத் தண்ணி வேற, இந்தத் தண்ணி வேற. இங்க ஒருத்தனும் சுடவுமில்ல. இதில என்னத்த அறியப்போறீங்க?"

யேசுரட்ணம் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார். இடுப்புப் பட்டியை இறுக்கினார். கம்பினால் அடியைக் குத்தினார். அவர் தனியே இறங்குவதைக் கண்டதும் ஜவாஹிர் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் இறங்கினார். இருவரும் சேற்றைத் தேய்த்து நடந்தார்கள். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் தூண்டிலை உயர்த்தி வழிவிட்டார்கள். நடுச் சதுப்பில் ஜவாஹிர் பட்டியை விட்டார். அவரைச் சில அடி முன்னே போகவிட்டார். பிறகு, "அண்ணன், நில்லுங்க" என்றார்.

யேசுரட்ணம் கம்பை ஊன்றினார். ஒரு காலைத் தேய்த்தார், மற்றக் காலைத் தேய்த்தார், திரும்பினார். சேறு முழங்கால் வரை உள்வாங்கியது, அவர் விழவில்லை. வந்த வழியே நடந்து, கையை நீட்டி, ஜவாஹிரின் மணிக்கட்டைப் பிடித்தார். மூட்டை நனையவில்லை. பிடித்த கையை அவர் விடாமல் நின்றார். பிறகு விட்டுவிட்டு, முன்பு நின்ற இடத்துக்கே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "இன்னொருக்காக் கூப்பிடு" என்றார்.

அவர் கடைசியாக அந்தச் சதுப்பில் இறங்கியது அன்றுதான், 2009 செப்டெம்பர் 26, சனிக்கிழமை.