பிராந்து எண்ணிய வாய்

எங்கள் அம்மாவுக்குக் கரிநாக்கு என்று எங்கள் தீவின் மடத்துவெளி ஊர் முழுவதும் நம்பியது. கண்ணால் படுவது கண்ணூறு, வாயால் படுவது நாவூறு. எங்கள் பக்கத்தில் நாவூறுக்குத்தான் பயம் கூட. ஒருநாள் பக்கத்து வளவுக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மரத்தைப் பார்த்து அம்மா, நல்ல நேரான துலா என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். மத்தியானத்துக்குள் துலா முறிந்து விழுந்தது. அது கறையான் அரித்த மரம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பழி அம்மாவின் நாக்கில்தான் ஏறியது. பிறகு யாரோ வீட்டுப் பூசணிக்காய் அழுகியதற்கும், யாரோ வீட்டுப் பசு பால் மறுத்ததற்கும் அதே நாக்குக் காரணமாயிற்று. பிள்ளை பிறந்த வீடுகளுக்குப் போனால், அம்மா வேலிப் படலையடியில் நின்றே நலம் விசாரித்துவிட்டுத் திரும்புவார்.

எண்ணுவதும் புகழ்வதும் எங்கள் ஊரில் ஒன்றுதான். கோழி பொரித்த குஞ்சுகளைக்கூட எண்ணக்கூடாது, எண்ணினால் குறையும். அம்மா வீட்டுக்குள்ளும் எதையும் எண்ணமாட்டார், எதையும் நல்லது என்று சொல்லவும் மாட்டார். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றால், பார்த்துவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுவார். சின்ன வயதில் எனக்கு அது பெரிய கோபம்.

சோளகக் காற்று ஓய்ந்து வாடை பிடிக்கிற ஐப்பசியில் பிராந்துகள் வரும். பருந்தை நாங்கள் பிராந்து என்போம். ஊரோடு இருக்கிற நாலைந்து பிராந்துகள் வேறு. இவை வடக்கே கடலுக்கு அப்பாலிருந்து கூட்டமாக வருபவை. வயலுக்கு மேலே தாழப் பறப்பவை, உயரத்தில் வட்டமிடுபவை, பனை உச்சி வட்டில் குந்தியிருப்பவை என்று பல சாதி. அவற்றில் பாதி வெட்டுக்கிளி தின்கிறவை என்று இப்போது தெரியும். அப்போது எல்லாமே குஞ்சு தூக்குகிற கள்ளர்கள்தான்.

ஒரு வருடம் பக்கத்து வளவு மாமி, துலா முறிந்த அதே மாமி, குஞ்சுகளைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் வேலிக்கு மேலால் அம்மாவிடம் கேட்டார்.

"உம்மட நாக்கு எங்கட துலாவுக்கு மட்டும்தானோ? உந்தப் பிராந்துகளையும் ஒருக்கா எண்ணிவிடுமன்."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பிறகு என்ன நினைத்தாரோ, கையை அலம்பிவிட்டு வெளியில் போய் நின்று, அண்ணாந்து, ஊருக்கே கேட்க எண்ணத் தொடங்கினார். ஒரு கிழமைக்குள் பிராந்துகள் குறைந்துவிட்டன. தெற்கே போகிற வழியில் எங்கள் தீவில் இளைப்பாறிய பறவைகள், இளைப்பாறியதும் போயிருக்கும். எண்ணாவிட்டாலும் போயிருக்கும். அந்த விளக்கம் யாருக்கு வேண்டும்?

அதன்பிறகு ஐப்பசி பிறந்தால் பெண்கள் எங்கள் படலைக்கு வந்துவிடுவார்கள். அம்மா வயல் வரம்பில் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு நிற்பார். வெள்ளைக் கழுத்துக் கருடன் வந்தால் எண்ணாமல் கும்பிட்டு விட்டுவிடுவார். மற்றதுகளை எண்ணுகிறபோது இடையிடையே சிறகுகளைப் பார்த்து, "என்ன வடிவான செட்டை", "பார், எப்படித் திரும்புது" என்று வாய்நிறையச் சொல்லுவார். வருடம் முழுவதும் எங்களிடமும் ஊரிடமும் சொல்லாமல் அடக்கிவைத்த புகழ்ச்சியெல்லாம் பிராந்துகளுக்குப் போனது. பெண்கள் இன்னும் சொல்லுங்கோ என்று ஏவிவிடுவார்கள். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த வரம்பில் மட்டும்தான். அந்தக் குரலுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முன், அக்காவை அடுத்த தீவிலுள்ள புளியங்கூடலில் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது கடலுக்கு மேலால் போகிற தாம்போதிப் பாதை இல்லை. வள்ளத்தில் கடல் கடந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் போகவேண்டும். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் நடப்பதுதான் வழக்கம். அக்காவைக் கூட்டிவர ஆவணியில் அப்பா போனபோது, கடல் பொல்லாதது, பிள்ளைத்தாய்ச்சியை வள்ளத்தில் ஏற்ற ஏலாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடலில் அவர்களுடைய ஆடுமாடுகளே போய்வந்துகொண்டிருந்தன. அம்மாவின் நாக்கு கடலையும் கடந்து அங்கே போய்விட்டது என்பது எங்களுக்கு விளங்கியது.

ஐப்பசியில் ஆண்பிள்ளை பிறந்ததாக ஆள் வந்து சொன்னார். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், மகள் என்னைத் தேடினவளோ என்று. வந்தவர் வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். அன்று பின்னேரமும் பெண்கள் வந்து கூப்பிட்டார்கள். அம்மா போய் எண்ணினார். வடிவு என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை.

பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவுக்கு மட்டும் எங்களை அழைக்காமல் விட அவர்களால் முடியவில்லை. கார்த்திகை மழை விட்டிருந்தது. வள்ளத்தில் அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார். காற்றுக்கு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அங்கே பிள்ளையைக் கழுத்துவரை துணியால் சுற்றி, கன்னத்தில் பென்னம்பெரிய கறுத்தப் பொட்டு வைத்திருந்தார்கள். அம்மா அறை வாசலோடு நின்றுகொண்டார். அறைக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தார்கள். பிள்ளை எப்படி என்று அக்காவின் மாமியார் கேட்டார். அம்மா நிலத்தைப் பார்த்தபடி, "கறுவல். மூக்கும் சப்பை" என்றார். பிள்ளை நல்ல வெள்ளை, மூக்கும் எடுப்பானது. பொய் சொல்லி முடித்ததும் அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

அக்காதான் துணியை இழுத்து, பிள்ளையின் ஒரு கையை வெளியே எடுத்தாள்.

"இஞ்ச வாணை அம்மா. பிள்ளையின்ர விரலை எண்ணு. பிராந்துகளை எண்ணுறமாதிரி வாய்விட்டு எண்ணணை."

அம்மா உள்ளே வந்து பாயில் இருந்தார். அந்தக் கையைத் தன் கையில் வாங்கி, சின்னிவிரலிலிருந்து தொடங்கினார். ஒண்டு, ரெண்டு, மூண்டு. வரம்பில் கேட்ட அதே குரல், ஆனால் மெல்லியதாக. ஐந்து வந்ததும் பயந்துபோய் நிறுத்திவிட்டார்.

மாமியார் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, பிள்ளையின் மற்றக் கையைத் தானே துணிக்குள்ளிருந்து எடுத்து நீட்டினார்.

"இதையும் எண்ணுங்கோ சம்மந்தி. அரைவாசியில விடக்கூடாது."

அம்மா ஆறிலிருந்து தொடங்கினார்.