மஞ்சள் கோட்டின் மேல் ஒரு வாங்கு

கற்பிட்டியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடத்தை விரித்தேன். உம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: "இதுல நான் எங்க நிக்கிற?"

அது ஒரு படகுத்துறைக் கட்டடம். இங்கிருந்து தூத்துக்குடிக்குப் பயணிகள் படகு ஓடினால் எப்படியிருக்கும் என்று யாரோ யோசித்து, நான் வேலைசெய்யும் அலுவலகத்தில் மாதிரி வரைபடம் கேட்டிருந்தார்கள். இரண்டு நாட்டு அதிகாரிகளும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். நடுவே தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அங்கால், நம் மண்ணிலேயே, சட்டப்படி இந்தியா. கோட்டை வரைந்தவள் நான்தான். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

உம்மாவுக்கு இப்படிப்பட்ட கட்டடங்கள்மீது கோபம். என்னுடன் பிறந்த மூத்தவள், ராத்தா, கல்யாணம் முடித்து அக்கரையில் தூத்துக்குடிக்குப் போன நாளில் வந்த கோபம் அது. ஸலாம் சொல்லி இரண்டு கைகளையும் பிடிக்காமல் எங்கள் வீட்டில் யாரையும் பயணம் அனுப்புவதில்லை. அதுவும் கடைசி வாசலில்தான் பிடிப்போம். முன்னமே பிடித்தால் மனசுக்குத் திருப்தி வராது. விமான நிலையத்தில் எது கடைசி வாசல் என்று எங்களுக்குத் தெரியவில்லை. இன்னும் ஒரு வாசல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றோம். ராத்தா உள்ளே போய்விட்டாள். உம்மா நீட்டிய கைகள் கண்ணாடியில் முட்டின.

இப்போது மச்சான் படுத்த படுக்கை. அவரை ஓர் இரவுகூட விட்டுவர ராத்தாவால் முடியாது. உம்மாவின் முழங்கால்கள் வாசற்படிக்கே மறுக்கின்றன. வந்த படகு ஒரு மணித்தியாலத்தில் திரும்பும், அதிலேயே ராத்தா இரவுக்குள் வீடு போய்விடலாம் என்றேன். உம்மா கோட்டில் விரலை வைத்தார்.

"இது மட்டுக்கும் அவ வந்தா இங்கத்த முத்திரை தேவல்லதானே?"

"ஓம் உம்மா."

"அப்ப இதுல ஒரு வாங்கு போடு மகள். பாதி அங்கால, பாதி இங்கால."

தாளில் பென்சிலால் அந்த நீள இருக்கையைப் போட்டேன், பிறகு கணினியிலும். எனக்கும் ராத்தா பக்கத்தில் உட்கார வேண்டும். எத்தனையோ கட்டடங்களுக்கு வரைந்திருக்கிறேன்; இவ்வளவு ஆசையோடு எதையும் வரைந்ததில்லை.

அலுவலகத்தில் என் மேலதிகாரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்த வாங்கு உடைஞ்சா எந்த நாடு திருத்துறது?" நியாயமான கேள்விதான். கணினியில் அழிக்க ஒரு பொத்தான் போதும். அதை அவரே அழுத்தினார்.

உம்மாவிடம் நான் சொல்லவில்லை. பழைய தாள் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ராத்தா வீடியோவில் வந்ததும் உம்மா அதை எடுத்துப் போனுக்கு முன்னால் விரித்துப் பிடிப்பார். "நீ இந்த மூலையில. நான் இதுல."

போன கிழமை ராத்தா கேட்டாள், "வேர்க்குமே உம்மா, ஃபேன் இருக்கா?"

உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவட பக்கம் போடு மகள்."

பென்சிலை எடுத்து, ராத்தா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாங்குக்கு மேலே ஒரு ஃபேன் வரைந்தேன்.