தேவாலயத்துத் தேசிமரம்

ஏவன்டேலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் நின்ற அந்த மரத் தேவாலயத்தை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தை எப்படியக்கா லொறியில் ஏற்றுவது என்று என் தங்கை போனில் சிரித்தாள். இந்த நியூசிலாந்தில் ஏற்றுவார்கள். நடுவில் வாளால் அறுத்து, இரண்டு பாதியாக்கி, இரும்புச் சட்டத்தின்மேல் வைத்து இழுத்துக்கொண்டு போவார்கள். ஆல்பனிப் பக்கம் பண்ணை வைத்திருந்த ஒருவர் அதை வாங்கினாராம். அவர் அதில் குடியிருக்கிறாரா, மாட்டுக்கு வைக்கோல் அடுக்குகிறாரா என்று நான் விசாரிக்கவில்லை. எனக்கு அந்தக் கட்டடத்தின்மேல் அப்போது அவ்வளவு கோபம்.

ஏவன்டேல் ஒரு காலத்தில் ஒக்லாந்தோடு ஒட்டாத தனிச் சிற்றூராக இருந்ததாம். அங்கே செங்கல் சூளைகளில் வேலை செய்தவர்கள் கூடிக் கட்டிய அங்கிலிக்கன் தேவாலயம் அது. ஊருக்கெல்லாம் செங்கல் சுட்டவர்கள் தங்கள் தேவாலயத்தை மட்டும் மரத்தில் கட்டினார்கள். செங்கல் விற்பதற்கு, மரம் காட்டில் சும்மா நின்றது. அந்த மரத்தின் பெயர் கௌரி என்று கேள்விப்பட்டதும் என் கணவர், "அப்ப அது எங்கட சைவ மரம். நீங்கள்தான் எங்கட வீட்டுக்குள்ளை வந்து இருக்கிறியள்" என்றார். அவர் சைவக் குடும்பம், நான் யாழ்ப்பாணத்து அங்கிலிக்கன் குடும்பம். எங்கள் கல்யாணம் இரண்டு வீட்டாருக்குமே பிடிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு வீடும் ஒற்றுமையாக இருந்தன.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு எஞ்சினியர் வேலை கிடைத்து வந்தோம். ஏவன்டேலில் வாடகை குறைவு. ஞாயிறு காலையில் என்னைத் தேவாலய வாசலில் இறக்கிவிட்டு அவர் ஞாயிறு சந்தைக்குப் போவார். உள்ளே வரமாட்டார். நானும் வற்புறுத்தியதில்லை.

உள்ளே பத்துப் பதினைந்து வயோதிபர்கள் இருப்பார்கள். எல்லோரும் வெள்ளைக்காரர். முதல் நாள் நான் போய் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். பின்னால் ஒரு கிழவர் ஆராதனை முடியும்வரை நின்றுகொண்டே இருந்தார். கால் வருத்தமாக்கும் என்று நினைத்தேன். பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அது அவர் தகப்பன் காலத்திலிருந்து அவர்கள் வீட்டார் உட்காரும் வாங்கு. எழும்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லமாட்டார்கள். மற்றவர் மனம் நோகும் என்று நினைத்தால் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் அந்த நல்ல குணம் எனக்குச் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பற்றி எரிகிறது.

அடுத்த வருடம் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. இரண்டு நாள்தான் இருந்தாள். எனக்கு வயிற்றை வெட்டி எடுத்த பிள்ளை. காய்ச்சலில் கிடந்தேன். அப்போதிருந்த பாதிரியார் ஆஸ்பத்திரிக்கு வந்து தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்தார். நான் அவளை ஒரு தரம்தான் கையில் வைத்திருந்தேன். அதுவும் நன்றாக நினைவில்லை. தலைமுடி நிறைய இருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் தேவாலயம் என்றால் அதற்குப் பக்கத்திலேயே சேமக்காலை இருக்கும். ஞானஸ்நானம் எடுத்தவரைப் புதைப்பதும் அங்கேதான். இங்கேயும் தேவாலயத்தைச் சுற்றி பாசி பிடித்த சில பழைய கல்லறைகள் நின்றன. அதனால் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. படுக்கையில் கிடந்தபடி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையை எங்கட சேர்ச்சிலை கொண்டுபோய் வையுங்கோ, ஒவ்வொரு ஞாயிறும் நான் பக்கத்திலை இருப்பன்" என்று கெஞ்சினேன். அவர் ஓம் என்றார். அடக்கத்துக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும், எங்கள் பக்கத்தில் பெண்கள் சேமக்காலைக்குப் போகிற வழக்கமில்லை. ஆண்கள் கொண்டுபோவார்கள், பெண்கள் வீட்டில் அழுவார்கள். அவரும் பாதிரியாரும் கொண்டுபோனார்கள்.

உடம்பு தேறி முதல் ஞாயிறு போனபோது, எந்த இடம் என்று கேட்டேன். அவர் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடி வழியாக விரலை நீட்டி, அந்தத் தேசிமரத்தடியில் என்றார். எலுமிச்சையை நாங்கள் தேசி என்போம். தேவாலயத்தின் கிழக்குச் சுவரோரம் ஒரு பழைய தேசிமரம் நின்றது. ஒரு கல் வைப்போமா என்று கேட்டேன். இந்த வளவுக்குள் இனிப் புதிதாகக் கல் வைக்க விடமாட்டார்களாம் என்றார். அதில் பொய் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. நான் கடற்கரையில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள், நான் மரத்தடிக்குப் போவேன். இருந்து கதைப்பேன். கொழும்பு எரிந்த ஆண்டில் அவளுடைய மாமா எங்கே ஒளிந்திருந்தார் என்று சொன்னேன். ஊரில் ஷெல் விழுந்து எங்கள் வீட்டுக் கூரை போனதைச் சொன்னேன். பிறகு அவளுக்கு ஒரு தம்பி பிறந்ததைச் சொன்னேன். அவன் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற வயதுக்கு வந்ததையும் சொன்னேன். எவருக்கும் சொல்லாததெல்லாம் அவளுக்குத்தான் தெரியும். தேவாலயத்தில் பூ வைக்கிற கிழவி புல் வெட்டும்போது என் கூழாங்கல்லைச் சுற்றி மிகக் கவனமாக வெட்டுவாள். முன்பெல்லாம் அந்த மரத்துப் பழத்தைப் பிடுங்கித்தான் தேவாலயத்து விற்பனை நாளுக்கு மார்மலேட் காய்ச்சுவார்கள். நான் அங்கே இருக்கத் தொடங்கியபிறகு ஒருவரும் அந்த மரத்தில் கை வைக்கவில்லை. பழம் விழுந்து அழுகியது. என் பிள்ளைக்கு என்ன மரியாதை என்று நான் உருகிப்போவேன்.

அவரோ சந்தைக்குப் போனால் போனதுதான். மற்றவர்கள் விடியவே நல்ல கீரையை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். இவர் மத்தியானம் வாடல் கீரையோடு வருவார். சந்தையில் என்ன, குடித்தனமா நடத்துகிறீர்கள் என்று திட்டுவேன். சில நாள் கார் ஸீட்டில் செவ்வந்தி இலை ஒட்டிக்கொண்டிருக்கும். பூக்காரரின் பெட்டிக்குப் பக்கத்தில் லீக்ஸை வைத்துவிட்டேன் என்பார். அவர் முழங்கால் எப்போதும் அழுக்கு. அதற்கும் ஒரு ஏச்சு விழும். 

எண்பதுகள் முடியும் நேரத்தில் தேவாலயத்தை மூடுவதாக முடிவெடுத்தார்கள். வயோதிபர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், கூரை ஒழுகியது. கட்டடத்தை அகற்றி நிலத்தையும் கொடுத்துவிடப் போகிறார்கள் என்றதும் எனக்குப் பிள்ளையை என்ன செய்வார்கள் என்ற பயம் பிடித்தது. அவரைக் கேட்டேன். தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். சரி, கடைசி ஆராதனை முடிந்ததும் நானே அவர்களிடம் கேட்கிறேன் என்று இருந்தேன்.

கடைசி ஞாயிறு, முதல் நாள் வாங்கை எனக்கு விட்டு நின்றுகொண்டிருந்த அந்தக் கிழவர்தான் பிரசங்க மேடையில் ஏறித் தேவாலயத்தின் சரித்திரத்தைச் சொன்னார். சூளைக்காரர் கதை, முதல் கலியாணம், யுத்தத்துக்குப் போய்த் திரும்பாத பையன்கள், வெடித்துப்போன மணி. எனக்கு எல்லாம் தெரிந்ததுதான். நானும் அழுதுகொண்டு தலையாட்டினேன். பிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்: இந்த வளவில் கடைசியாக அடக்கம் செய்யப்பட்டது சூளை முதலாளியின் மனைவி. அது என் தகப்பன் சிறுவனாயிருந்த காலம். அதோடு நகரசபை இங்கே புதைப்பதைத் தடுத்துவிட்டது. அதன் பிறகு இந்த மண்ணில் யாரையும் புதைக்கவில்லை.

வயதானவர், மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆராதனை முடிந்ததும் பூ வைக்கிற கிழவியிடம் போய், அவர் சரித்திரம் சொல்லும்போது என் மகளை விட்டுவிட்டாரே என்றேன். அவள் என்னை அன்பாகப் பார்த்து, எந்த மகள் என்று கேட்டாள். தேசிமரத்தடியில் இருக்கிற மகள் என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். அவர்கள் அத்தனை பேரும் இத்தனை வருடமும் நினைத்திருந்தது, எங்கள் ஆட்கள் மரத்தைக் கும்பிடுகிறவர்கள் என்று. கேட்டால் என் மனம் நோகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பழம் பிடுங்காததும் அதற்காகத்தான். ஆஸ்பத்திரிக்கு வந்த பாதிரியார் எப்போதோ வேறு ஊருக்கு மாறிப்போயிருந்தார்.

வெளியே வந்தேன். கார் வாசலில் நின்றது. அன்றைக்கு அவர் சந்தைக்குப் போய்ச் சீக்கிரமே திரும்பியிருந்தார். நான் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளை எங்கை?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி பேசினார். தேவாலய வளவுக்குள் விடமாட்டார்கள் என்று பாதிரியார் சொன்னதையும், நகரசபையின் பெரிய சேமக்காலையில் குழந்தைகளுக்கென்று ஒரு பக்கம் இருந்ததையும் சொன்னார்.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?"

"நீர் காய்ச்சலிலை கிடந்தீர். எழும்பின உடனை சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்."

"எழும்பினனான்தானே?"

"ஓம். அதுக்குள்ளை நீர் அந்த மரத்தோடை கதைக்கத் தொடங்கிட்டீர். நான் எப்பிடிச் சொல்லுறது?"

அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. காரில் ஏறினேன். பின் ஸீட்டில் ஒரு கட்டுச் செவ்வந்தி கிடந்தது.

ரயில் பாதையோடு மேற்கே கொஞ்சத் தூரம்தான். மேட்டில் சின்னச் சின்னக் கற்களாக வரிசை. அவர் தேடவில்லை, நேரே போனார். எங்கள் பிள்ளையின் கல்லைச் சுற்றிப் புல் ஒழுங்காக வெட்டியிருந்தது. போன ஞாயிற்றுப் பூ வாடிக் கிடந்தது. கல்லுக்கு முன்னால் புல் தேய்ந்து இரண்டு வெற்றிடம், ஒரு மனிதன் முழந்தாளிடுகிற அகலத்தில். சந்தையில் குடித்தனம் நடத்துகிறீர்களா என்று நான் திட்டிய மனிதன். இத்தனை வருடமும் நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், இரண்டு பேரும் தனித்தனியாக இருந்து அழுதிருக்கிறோம்.

அவர் பூக்கட்டை என் கையில் தந்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நான் அவர் முழங்கால் பதிந்த இடத்தில் உட்கார்ந்தேன். மாமாவின் கதையும், வீட்டுக் கூரையும், தம்பி பிறந்ததும், எதுவுமே இவளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு மரத்துக்குச் சொல்லி முடித்துவிட்டேன். எங்கே தொடங்குவதென்று கனநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு என் குரலே புதிது. அதனால் முதலில், நான்தான் உன் அம்மா என்று சொன்னேன்.