ஈர மண்ணில் போட்ட கையெழுத்து

பிறர் வீட்டுச் சுவர்களில் குறை தேடுவதுதான் பழைய வயரிங்கைச் சோதிக்கும் தொழில். அதில் இருபது ஆண்டுகள் உழன்றவனுக்குத் தன் குறையைத் தேட நேரம் கிடைப்பதில்லை. என்னைப் போலவே ஏணிமேல் நின்று ஒட்டடை தின்ற தோழர்களே, அருப்புக்கோட்டையிலும் திருச்சுழிப் பக்கமும் நான் பட்டவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். பெருமைக்காக அல்ல. என் அசட்டையால் ஒரு பெண்ணின் வலது கை பழுதாயிற்று. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை கூற எனக்கு வாய் இல்லை.

கடையில் ஒரு பிரசங்கம்

எண்பதுகளின் நடுப்பகுதி. அருப்புக்கோட்டையில் கடையும் வீடும் ஒன்றாக இருந்த ஒரு பலசரக்குக் கடை. ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று கடைக்கார அண்ணாச்சி ஃப்யூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தார். அதைக் கண்டதும் என்னுள் இருந்த உபதேசி விழித்துக்கொண்டான். "ஃப்யூஸ் என்பது வாசலில் நிற்கும் காவற்காரன். ஆபத்து வந்தால் வீட்டுக்காக முதலில் உயிரை விடுபவன் அவன். சாகாத காவற்காரனை நிறுத்தினால் வீடுதான் சாகும்" என்று, சரக்கு வாங்க வந்தவர்களும் கேட்கும்படி முழங்கினேன். மெல்லிய கம்பியை மாட்டிவிட்டு, தலை நிமிர்ந்து வெளியேறினேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் மூன்று முறை ஃப்யூஸ் போயிருக்கிறது. மறுநாள் வந்த வேறொரு வயர்மேன், பரண்மேல் எலி கடித்துப்போட்டிருந்த வயரைக் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். சில நாள் கழித்துக் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட அண்ணாச்சி கோபிக்கவில்லை, சிரித்தார். அதுதான் சுட்டது. "காவக்காரன் செத்ததுக்கு நல்லா ஒப்பாரி வச்சீக தம்பி, கொன்னவன் யாருன்னு பாக்கலையே!"

ஐப்பசியில் எரிந்த பல்பு

தொண்ணூறுகளின் தொடக்கம். திருச்சுழியை அடுத்த ஓர் ஊரில் முத்துலட்சுமி என்ற அம்மாள், அதுவரை களையெடுக்கப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு கிரைண்டர் வாங்கி மாவு அரைத்து விற்க முனைந்தார். வீட்டின் பழைய வயரிங் அதைத் தாங்குமா என்று அஞ்சி, கிரைண்டரை ஒருமுறைகூட ஓட்டாமல் முதலில் என்னை அழைத்தார். அவ்வளவு முன்யோசனை உடையவர்களை நம் தொழிலில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

நானும் குறை வைக்காமல்தான் தொடங்கினேன். ஒவ்வொரு சுவிட்சையும் கழற்றிப் பார்த்தேன். இற்றுப்போன வயர்களை மாற்றினேன். கிரைண்டர் மோட்டாரையும் சோதித்தேன். மிஞ்சியது எர்த். கருவிகளின் உடலில் கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் கம்பி அது. புழக்கடையில் அதைப் புதைத்திருந்த குழி, ஒரு வார மழையில் ஊறிக் கிடந்தது. கரண்ட் வரும் லயனுக்கும் எர்த்துக்கும் இடையே பல்பை மாட்டினேன், பளீரென்று எரிந்தது. ஈர மண்ணில் எந்த எர்த்தும் யோக்கியமாகத்தான் நடக்கும். நம் வானம் பார்த்த பூமியில் கோடையில் பார்த்தால்தான் அதன் குணம் தெரியும் என்பதை நான் அறியாதவன் அல்ல. அதற்கு இன்னொரு முறை பஸ் ஏற வேண்டும். சோம்பல் பட்டு, "எர்த் நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு, ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதிருப்பது பற்றி நெடுநேரம் போதித்தேன். அந்த அம்மாள் தாளை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். "நீங்க பாத்துச் சொன்ன பெறகு என்னண்ணே, இனி தைரியமாத் தொடுவேன்."

சித்திரையில்

ஆறு மாதம் கழித்து ஆள் வந்து சொன்னதும் ஓடினேன். மாவுத் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி, கரண்ட் கிரைண்டரின் உடலில் ஏறியிருக்கிறது. எர்த் குழி காய்ந்து வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. கரண்டுக்கு இறங்க வழியில்லை, ஃப்யூஸும் போகவில்லை. தொட்ட கை ஒட்டிக்கொண்டுவிட்டது. கணவர் கருப்பசாமி ஓடிவந்து மெயினை அணைத்ததால் உயிர் மிஞ்சியது. உள்ளங்கை வெந்து, இரண்டு விரல்கள் மடங்காமல் போயின.

அதே பல்பை மாட்டினேன். உள்ளே இழை மட்டும் சிவந்தது. அப்போதாவது நான் காலில் விழுந்திருக்க வேண்டும். மாறாக, கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "கோடையில் எர்த் குழிக்குத் தினம் தண்ணீர் ஊற்ற வேண்டாமா, அம்மா?" என்று கேட்டேன். என் நாக்கின் இழிவை இன்று நினைத்தாலும் உடல் கூசுகிறது. "ஏய்யா, குடிக்கவே ரெண்டு கொடத்துக்கு அல்லாடுறோம்" என்று கருப்பசாமி எழுந்தார். அந்த அம்மாள் அவரைக் கையமர்த்திவிட்டு, என்னிடம் அமைதியாகத்தான் கேட்டார். "அன்னைக்கு அம்புட்டு நேரம் பேசுனீகளேண்ணே, இத மட்டும் ஏண்ணே சொல்லல?"

முதல் கை

மறுநாள் கடப்பாரையோடு போனேன். ஆள் வைக்காமல் நானே பழைய குழியைவிட ஆழமாகத் தோண்டினேன். கரியும் உப்பும் கலந்து நிரப்பி, பாத்திரம் கழுவும் தண்ணீர் வீணாகாமல் குழிக்கே வந்து சேர வாய்க்கால் வெட்டினேன். அன்பர்களே, நல்ல தண்ணீர்தான் வேண்டும் என்று மண் கேட்பதில்லை. கழுவிய தண்ணீரே போதும். ஐப்பசியில் அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். மோட்டாரைப் பழுது பார்த்து மாட்டினேன். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தது. பேனாவை எடுத்தேன்.

முத்துலட்சுமி அம்மாள் தாளைக் கேட்கவில்லை. இடது கையால் கிரைண்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டு, இரண்டடி விலகி நின்றார். எல்லாம் சரியாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இருந்தும் என் கை உடனே எழவில்லை. அந்தத் தயக்கத்தை அவரும் பார்த்தார், கருப்பசாமியும் பார்த்தார். "கையெழுத்து கெடக்கட்டும், மொதல்ல நீங்க தொடுங்கண்ணே" என்றார் அந்த அம்மாள். தொட்டேன்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் யாரும் கேட்பதற்கு முன்பே நானே முதலில் தொட்டுக் காட்டிவிடுகிறேன், மண் காய்ந்த காலத்திலும் பல்பு எரிகிறதா என்று பார்த்துக்கொண்ட பிறகுதான், அதற்கு மேல் வீரம் எனக்கு இல்லை.