கடை முட்டை

பொத்தேரியில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, பாடத்தில் இருந்த ஒரு கதையைப் படித்துக் காட்டினாள். அதில், ஒரு வீட்டில் தண்ணீர் ஊறாத கிணற்றை ஊரே திட்டுகிறது. தூர் வாரினால் போதாதா, எதற்கு இத்தனை திட்டு என்று கேட்டேன்.

"ஐயோ அப்பா, அது கெணறே இல்ல. அந்த வூட்டுப் பொண்ணத்தான் அப்படிச் சொல்றாங்க. குறியீடு" என்று சிரித்தாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் வீட்டுக் கோழி ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது கடப்பாக்கத்தில் இருந்தோம். எனக்கு ஏழு வயது இருக்கும். அப்பாவின் தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. புருஷன் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். எங்களோடு வந்து இருந்தாள். அம்மா அத்தையை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கோழியைத்தான் திட்டுவாள். அதுவும் அத்தை சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து.

"முட்டையும் கெடையாது, குஞ்சும் கெடையாது. மூணு வேளையும் தின்னுகினு மட்டும் கீது. ஒருநாளு கூடையோட தூக்கி வெளிய போட்றேன் பாரு."

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். அப்பா பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் ஓடிப்போய்க் கோழியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். கழுத்தில் இறகில்லாத அந்தச் சிவப்புக் கோழி என் செல்லம்.

கடைசியில் அத்தையிடமே போய் அழுதேன். "அத்த, முட்ட போடலன்னா அம்மா கோழிய தொரத்திடும். ஒரே ஒரு முட்ட வாங்கிக் குடு. கூடையில வெச்சிடலாம்."

அத்தை என் கண்ணைத் துடைத்தாள். "வெச்சா தொரத்த மாட்டாங்களா?" என்றாள். மாட்டார்கள் என்று சத்தியம் செய்தேன். கடையிலிருந்து வாங்கி வந்தாள். கூடையில், வைக்கோலுக்குள் நானே வைத்தேன்.

நாட்டுக்கோழி முட்டை லேசான பழுப்பாக இருக்கும். இது வெள்ளைவெளேரென்று இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை. அத்தைக்குத் தோன்றாமல் இருந்திருக்காது.

மறுநாள் காலை அம்மா அந்த முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். "இன்னாது இது?" என்றாள். முதல்முறையாகக் கோழியைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தாள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அத்தை நிமிரவில்லை. "கோழியத் திட்டாதீங்க அண்ணி. அதும் இன்னா பண்ணும்? அதுக்கு மட்டும் ஆச இல்லாமலா கீது?"

அம்மா முட்டையைக் கூடையிலேயே திரும்ப வைத்தாள். அன்று மதியம் மீன் குழம்பில் பெரிய துண்டு அத்தை தட்டில் விழுந்தது. அத்தை அதை என் தட்டுக்கு மாற்றிவிட்டாள்.

அடுத்த வாரமே அணுபுரத்தில் ஒரு வீட்டோடு தங்கி வேலை செய்ய அத்தை புறப்பட்டுப் போனாள். அம்மா பையைப் பிடித்துக்கொண்டு "இரு" என்றாள். அத்தை பையை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

அதன் பிறகு அம்மா கோழியைத் திட்டவே இல்லை. பொங்கலுக்கு அத்தை வந்தபோது ஓடிப்போய்ச் சொன்னேன். "அத்த, கோழிய காப்பாத்திட்டோம்!"

"ஆமாண்டா ராசா" என்று என் தலையைத் தடவினாள்.

அம்மா இலை போட்டுக் கூப்பிட்டும், அத்தை ஏன் சாப்பிடாமல் பஸ் ஏறினாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.