அரைமண்டிக்கு அப்பீல் கிடையாது

என் வீட்டு மாடியில் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது. ஓய்வு பெற்றவன் தலைக்கு மேல் ஏதாவது சத்தம் இருக்கட்டும் என்று என் மனைவி வாடகைக்கு விட்ட இடம். ஆசிரியை திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கணவரின் பனியன் கம்பெனி வேலைக்காக இங்கே வந்தவர். மின்விசிறி ஆடுவதைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று கீழே உட்கார்ந்து சொல்லிவிடுவேன்.

அரசு அலுவலகத்தில் நான் மேல்முறையீட்டுப் பிரிவில் இருந்தவன். எந்த உத்தரவுக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு என்ற நம்பிக்கையில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் பக்கத்துத் தெரு கம்பெனி முதலாளி போன வருஷம் மாடி ஏறாமல் நேராக என்னிடம் வந்தார்.

அவர் மகள் சின்ன வயதிலிருந்தே மாடியில் ஆடுகிறவள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போவதற்குள் அரங்கேற்றத்தை முடித்துவிட வேண்டும் என்று பல்லடம் ரோட்டில் மண்டபம் பிடித்துவிட்டார். அந்த வாரம் ஊருக்கு வரும், அவரிடம் பனியன் கொள்முதல் செய்யும் வெளிநாட்டு பையருக்கு முன்வரிசையில் நாற்காலியும் ஒதுக்கியாயிற்று. இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஆசிரியையிடம் தேதியைச் சொன்னார். ஷிப்மெண்ட் தேதியை முதலில் எழுதிவிட்டுப் பிறகு நூலைத் தேடும் ஊர் இது. அவரைக் குறை சொல்ல முடியாது.

“ஆகாதுங்கறாங்க சார். வர்ணத்துல பாதிக்கு மேல புள்ள உக்காரலையாமா. இன்னும் ஒரு வருசம் போகட்டுங்கறாங்க. இவங்களுக்கு மேல யாருங்க?”

வர்ணம் என்பது நிகழ்ச்சியிலேயே நீளமான உருப்படி. முழங்காலை இருபுறமும் மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கும் அரைமண்டியைத்தான் உட்காருவது என்கிறார்கள். அரசு ஊழியன் புரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும் உட்காரல் அது.

மாடிக்குப் போய் ஆசிரியையிடம் கேட்டேன்.

“கெட்டிக்காரப் பிள்ளைதான் சார். களைச்சா நிமிந்துருதா. பக்கத்துல உக்காந்து தாளம் தட்டப் போறது நான்லா? பாத்துக்கிட்டே எப்படித் தட்டுவேன்?”

“தேதியை மாற்ற முடியாது என்கிறார்.”

“மாற வேண்டியது காலு. தேதி இருந்துட்டுப் போட்டும்.”

சலங்கையை எடுத்துக் கொடுப்பதும் மேடையோரம் தாளம் தட்டுவதும் குருதான். அவர் வராவிட்டால் அது அரங்கேற்றம் ஆகாது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தெரியாமலே எல்லோரும் கீழ்ப்படிகிறார்கள்.

முதலாளியிடம் வேறு வழி இருந்தது. “பையரோட ஆளு பீஸை ரிஜெக்ட் பண்ணுனா, வெளியாளக் கூட்டியாந்து இன்ஸ்பெக்சன் வெப்போமுங்க. அவுங்க பாஸ் பண்ணிட்டா கப்பல் ஏத்திப்போடுவோம். இதுக்கும் அப்படிப் பண்ணக்கூடாதுங்களா?”

கூடாது என்று நான் எங்கும் படித்ததில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மூத்த நாட்டிய ஆசிரியையைக் காரில் அழைத்து வந்தார். சாட்சிக்கு என்னையும் தம் வீட்டுக்குக் கூப்பிட்டார்.

பெண் கூடத்தில் வர்ணம் முழுவதையும் ஆடினாள். பாட்டு கைப்பேசியிலிருந்து வந்தது. வந்தவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

“யார்கிட்டம்மா கத்துக்கறே?”

சொன்னாள்.

“நான் பார்த்தது அவங்களுக்குத் தெரியுமா?”

முதலாளிதான் பதில் சொன்னார். “தெரியாதுங்க. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் பேசிக்கறேன்.”

“அவங்க உக்காத்தி வெச்ச பிள்ளைக்கு நான் சொல்லக்கூடாது. அவங்க என்ன சொன்னாங்களோ அதேதான் நானும்.”

“அப்ப உங்ககிட்டயே சேத்தி விட்டுட்டனுங்கன்னா?”

“அவங்களே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடட்டும், சேத்துக்கறேன்.” காப்பியை முடித்துவிட்டு எழுந்தார்.

கார் போன பிறகு முதலாளி என்னைப் பார்த்தார். என் சர்வீஸில் இப்படி ஒரு உத்தரவைப் பார்த்ததில்லை. மேல்முறையீட்டு அலுவலர் கோப்பைத் திறந்து முழுக்கப் படித்துவிட்டு, கீழே உள்ளவரைக் கேட்டுக்கொள்ளவும் என்று மூடிவிட்டார்.

மகள் தாவணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “மண்டபத்த வேண்டாம்னு சொல்லீருங்கப்பா. பாதிக்கு மேல கால் நடுங்குறது எனக்கே தெரியுதுங்க” என்றாள்.

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்ன அம்மிணி?”

“எங்கிட்ட யாருங்க கேட்டீங்க?”

ஷிப்மெண்ட் தவறிய முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்று அருகிலிருந்து பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட அமைதியாக இருந்தது.

மண்டபத்தை அவர் விடவில்லை. அதே தேதியில் மச்சான் குழந்தைகளுக்குக் காது குத்து வைத்துக்கொண்டார். பையர் முன்வரிசையில் உட்கார்ந்து, இரண்டு குழந்தைகள் அலறுவதைக் கைப்பேசியில் படம் எடுத்தார். ஆசிரியையும் வந்திருந்தார். கோயம்புத்தூர்க்காரர் வந்து போனது அவர் காதுக்கு எட்டியதா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள நானும் முயலவில்லை.

பந்தியில் ஆசிரியைக்கு முதலாளியே சாம்பார் ஊற்றினார். ஊற்றிவிட்டு நகரவில்லை.

“டீச்சரம்மா, அடுத்த தைக்குச் சொல்லி வெச்சறலாங்களா?”

ஆசிரியை சோற்றைப் பிசைந்தார். எதிர்வரிசையில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த மாணவியை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

“சாம்பாரு நல்லா இருக்கு” என்றார்.